ஒரே வெயில், இருவேறு கடல்

யாழ்ப்பாணத்தில் வாழும் நமக்குச் சூரியன் ஆண்டில் இருமுறை நேர் உச்சிக்கு வருகிறான். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாள்களில் ஒருமுறை. ஆவணியில், அதாவது ஓகஸ்ட் மாத முடிவில், மறுமுறை. அந்நாள்களின் நண்பகலில் முற்றத்தில் நிறுத்திய உலக்கையின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். இரண்டு வேளையிலும் மேலிருந்து இறங்கும் வெயில் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் அவ்வெயிலை ஏற்கும் கடல் ஒன்றன்று. சித்திரையில் நம் விரிகுடா நீர் 30 பாகை செல்சியசையும் கடந்து சூடேறுகிறது. ஆவணியிலோ அத்துணைச் சூடு அதற்கு ஏறுவதில்லை. சித்திரைக் கடல் எண்ணெய் வார்த்தாற்போல அசைவற்றுக் கிடக்கும். ஆவணிக் கடல் நுரைகக்கிப் புரளும்.

ஒரே வெயிலுக்கு இருவேறு கடல் எவ்வாறு அமைந்தது? விடையை ஒரு சொல்லில் கூறலாம்: காற்று. அவ்வொரு சொல்லை விரித்துப் பார்ப்பதே இவ்வாரம் நாம் மேற்கொண்ட வேலை. நம் கடற்றொழிலாளர் குடும்பங்களின் அடுப்பெரிவதும் கடலடியில் வாழும் உயிர்கள் மூச்சுவிடுவதும் இந்தக் காற்றையும் வெயிலையும் சார்ந்திருக்கின்றன. ஆதலின் இது வெறும் பள்ளிக்கூடப் பாடமன்று.

மேலே வெம்மை, கீழே தண்மை

சித்திரை விடுமுறையில் பிள்ளைகளைக் காரைநகர் கசூரினாக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லாத பெற்றோர் நம்மிடையே குறைவு. காற்றில்லாத ஒரு பிற்பகலில் மார்பளவு நீரில் நின்று பார்த்தவர்கள் ஒன்றை உணர்ந்திருப்பர். தோளைத் தொடும் நீர் இளஞ்சூடாக இருக்கும்; காலடியில் நீர் அதனினும் தண்மையாக இருக்கும். கையால் நீரைத் துழாவிவிட்டால் அவ்வேறுபாடு மறைந்துவிடும். முழங்காலளவு தெளிந்த நீரில் இதைக் காண இயலாது. அங்கு வெயில் மணலையே சுட்டுவிடுவதால் நீருக்குக் கீழிருந்தும் சூடேறுகிறது.

காரணம் எளிது. கடலிற் படும் சூரிய வலுவில் பாதிக்கு மேற்பட்ட பங்கை முதல் ஒரு மீற்றர் நீரே உண்டுவிடுகிறது. கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் ஒரு பகுதி மட்டுமே அதற்குக் கீழே செல்கிறது. சூடேறிய நீர் சற்றே விரிகிறது. விரிந்த நீர் இலேசாகிறது. இலேசான நீர் மேலேயே மிதக்கிறது. சோற்றுப் பானையில் அடியிலிருந்து சூடு ஏறுவதால் நீர் தானே புரண்டு கொதிக்கிறது. கடலுக்கு மேலிருந்து சூடு ஏற்றப்படுவதால் அது தானே புரளுவதில்லை. சூடு ஏற ஏற மேலடுக்கு தன் இடத்தில் மேலும் உறுதியாக அமர்ந்துகொள்கிறது.

இதன் அளவையும் நோக்குவோம். முகில் குறைந்த ஒரு சித்திரை நாளில் ஒரு சதுர மீற்றர் கடற்பரப்பின்மேல் ஏறத்தாழ 20 மெகாயூல் சூரிய வலு விழுகிறது. அவ்வளவும் இழப்பின்றி ஒரு மீற்றர் ஆழ நீருக்குள்ளேயே அடைபட்டால், அந்நீரின் சூடு ஒரே நாளில் ஏறத்தாழ 5 பாகை உயரும். அதே வலு பத்து மீற்றர் ஆழத்துக்குப் பரப்பப்பட்டால் உயர்வு அரைப் பாகை மட்டுமே. வெயில் எவ்வளவு என்பதோடு, அவ்வெயிலை எத்தனை மீற்றர் நீர் பங்குபோட்டுக்கொள்கிறது என்பதும் கடலின் சூட்டைத் தீர்மானிக்கிறது. பங்கிட்டுக் கொடுக்கும் கை காற்றினுடையது.

காற்றின் கணக்கு

காற்று இரண்டு வேலைகளைச் செய்கிறது. முதலாவது, நீரை ஆவியாக்கிச் சூட்டைக் கொண்டுபோதல். ஒரு சதுர மீற்றர் பரப்பிலிருந்து ஒரு மில்லிமீற்றர் உயர நீர் ஆவியாவதற்கு 2.4 மெகாயூல் வலு வேண்டும். நன்றாகக் காற்றடிக்கும் ஒரு நாளில் ஐந்து மில்லிமீற்றர் நீர் ஆவியானால் 12 மெகாயூல் போய்விடும். வெயில் கொடுத்ததில் பாதிக்கு மேல் அவ்வாறு கழிந்துவிடுகிறது. வியர்த்த உடம்பிற் காற்றுப் பட்டாற் குளிர்வதும் இதே முறையால்தான்.

இரண்டாவது, மேல்நீரையும் கீழ்நீரையும் கலக்குதல். இங்கேதான் நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. காற்றின் வேகம் இருமடங்கானால் அது கடலைக் கலக்கும் வலுவும் இருமடங்காகும் என்று நாம் எண்ணக்கூடும். அது தவறு. அவ்வலு ஏறத்தாழ எட்டு மடங்காகும். வேகம் மும்மடங்கானால் இருபத்தேழு மடங்கு. இக்கணக்கைத் திருப்பிப் பார்த்தால்தான் அதன் கடுமை விளங்கும். காற்றின் வேகம் பாதியாகத் தளர்ந்தால் கலக்கும் வலு எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. கரையில் நிற்கும் நமக்குச் "சற்றே காற்றுக் குறைவு" என்று தோன்றும் நாள், கடலுக்குக் கலக்குவாரற்ற நாளாக முடிகிறது.

காற்று நீரைக் கலக்கும் முறைகளுள் ஒன்றை நம் கண்ணாலேயே காணலாம். சோளகம் வீசும் நாளில் பண்ணைத் தாம்போதியின் ஓரமாக நின்று கடலைப் பாருங்கள். நுரையும் சாதாழைத் துணுக்குகளும் காற்றின் திசையிலேயே நீண்ட கோடு கோடாக அடுக்கப்பட்டிருக்கும். 1927ஆம் ஆண்டில் அத்திலாந்திக் பெருங்கடலைக் கப்பலில் கடந்த அமெரிக்க விஞ்ஞானி இர்விங் லாங்மியூர், மிதந்து கிடந்த கடற்பாசி இவ்வாறு வரிசை வரிசையாக நிற்பதைக் கண்டார். பின்பு ஓர் ஏரியிற் சோதனைகள் செய்து அதன் காரணத்தை 1938இல் வெளியிட்டார். நீரின் மேற்பகுதி, காற்றின் திசையிற் கிடத்திய நீண்ட உருளைகள்போல ஒன்றுக்கொன்று எதிராகச் சுழல்கின்றது. இரண்டு உருளைகள் சேருமிடத்தில் நீர் கீழிறங்குகிறது. மிதக்கும் பொருள் இறங்க மாட்டாமல் அங்கேயே கோடாகத் தங்கிவிடுகிறது. நுரைக்கோடுகள் தெரியும் நாளில் மேல்நீர் கீழே போய்க்கொண்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

நம் கடலுக்கு மேலும் ஒரு தனித்தன்மை உண்டு. பாக்கு விரிகுடா மிக ஆழங்குறைந்தது. பெரும்பாலும் 15 மீற்றருக்கு உட்பட்டது. நன்கு வளர்ந்த பனையொன்றை அதனுள் நிறுத்தினால் அதன் வட்டு நீருக்கு மேலே நிற்கும். யாழ்ப்பாணக் கடனீரேரியின் பல பகுதிகளிலோ ஆள் உயர நீரே உண்டு. வற்றுப்பெருக்கும் இங்குச் சிறிது. ஒரு மீற்றருக்கும் குறைவு. பெரிய வற்றுப்பெருக்குள்ள நாடுகளில் கடல் தன் ஏற்ற இறக்கத்தாலேயே நாள்தோறும் கலக்கப்படுகிறது. நமக்கு அந்தப் பேறு குறைவு. ஆகவே நம் விரிகுடாவைக் கலக்கும் பொறுப்புப் பெரும்பாலும் காற்றின் தலையிலேயே விழுகிறது.

நம் முன்னோரின் காற்றுப் பஞ்சாங்கம்

நம் கடலோர மக்கள் காற்றுக்குப் பெயரிட்டு வைத்திருப்பது வீணுக்கன்று. வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலும் தென்மேற்கிலுமிருந்து வருவது சோளகம். மேற்கிலிருந்து வருவது கச்சான். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். இப்பெயர்களை வரிசைப்படுத்தினால் கடல்நீரின் ஆண்டுக் கணக்கே நமக்குக் கிடைக்கும்.

பங்குனி, சித்திரையில் வாடை ஓய்ந்துவிடுகிறது. சோளகம் இன்னும் எழவில்லை. கரைக்காற்றும் கடற்காற்றும் மட்டும் மாறி மாறி மெல்ல வீசுகின்றன. வானிலை ஆராய்வோர் இதனை இரு பருவங்களுக்கு இடைப்பட்ட காலம் என்பர். இதே வேளையிற் சூரியன் உச்சிக்கு வருகிறான். பகலில் மேலடுக்குச் சூடேறுகிறது. இரவில் அது குளிர்ந்து கனத்துக் கீழிறங்க, அடுக்குக் குலைகிறது. ஆனால் நாள்தோறும் காற்று ஓய்ந்திருந்து, இரவும் புழுக்கமாகவே கழிந்தால், இரவின் வேலை முற்றுப்பெறுவதில்லை. நேற்றைய சூட்டின்மேல் இன்றைய சூடு ஏறுகிறது.

வைகாசியில் தென்மேற் பருவக்காற்று எழுகிறது. நமக்கு அது மழை தருவதில்லை. வறண்ட சோளகமாக வந்து பனையோலைகளைப் பேயாட்டம் ஆட்டுகிறது. கடலுக்கோ அதுவே மருந்து. மேலும் கீழும் ஒன்றாகக் கலந்து நீர் குளிர்கிறது; அடிச் சேற்றின் ஊட்டப்பொருள்கள் மேலே எழுகின்றன; அவற்றை உண்டு நுண்ணிய மிதவுயிர்கள் பெருகுகின்றன. ஆவணியிற் சூரியன் மறுபடியும் உச்சிக்கு வரும்போது சோளகம் இன்னும் வீசிக்கொண்டிருக்கிறது. அதனாலேதான் அந்த வெயில் கடலை வாட்டவில்லை. நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை இதுவே.

ஐப்பசியில் மீண்டும் ஓர் இடைவேளை. சோளகம் ஓய்ந்து, இடிமழை தொடங்குகிறது. பின்பு வடகீழ்ப் பருவக்காற்று வாடையாக இறங்குகிறது. வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று ஏற்றப்படும் பெரும் பட்டங்களைத் தாங்கி நிற்பது இக்காலத்துக் காற்றே. வடகரை கொந்தளிக்கிறது, பாக்கு விரிகுடா மறுபடியும் அடிவரை கலங்குகிறது. ஆனால் இம்முறை கடலுக்குள் புதியதொரு விருந்தாளியும் வந்து சேர்கிறது. அது நன்னீர்.

கடலுக்குள் ஓர் ஆறு

நீரை அடுக்குவது வெப்பம் மட்டுமன்று. உப்பும் அதனை அடுக்குகிறது. இதை யாழ்ப்பாணத்தவருக்கு நாம் விளக்கவேண்டியதில்லை. நம் சுண்ணக்கற் பாறையின் துளைகளில் மழைநீர் உவர்நீரின்மேல் மிதந்து கிடக்கிறது. அம்மிதக்கும் நீரையே நாம் கிணற்றில் அள்ளுகிறோம். அளவு கடந்து இறைத்தால் அடியிலிருந்து உவர் மேலேறிக் கிணறு கெடுகிறது. நிலத்தின் கீழ் நடப்பதே கடலிலும் நடக்கிறது. நம் கடலின் சூட்டில், ஆயிரம் பங்கு நீரில் ஒரு பங்கு உப்புக் குறைவது, இரண்டு பாகைக்கு மேற்பட்ட வெப்ப உயர்வுக்கு ஒத்த அளவில் நீரை இலேசாக்குகிறது. எனவே உப்பால் அமையும் அடுக்கு வெயிலால் அமையும் அடுக்கைவிட உறுதியானது.

யாழ்ப்பாணத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர். அதிற் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் திசெம்பர் வரையுள்ள மூன்று மாதங்களிற் பொழிகிறது. கடனீரேரியின் ஒதுக்குப்புறங்களில், மழை விட்டுக் காற்றும் ஓய்ந்த நாளில், மேலே வெள்ளநீரும் கீழே உவர்நீருமாக இரண்டு அடுக்குகள் நிற்கும்.

திறந்த கடலுக்கு வரும் நன்னீரோ வெகு தொலைவிலிருந்து வருகிறது. கங்கையும் பிரமபுத்திராவும் கோதாவரியும் கிருஷ்ணாவும் தென்மேற் பருவமழையின் வெள்ளத்தை வங்கக்கடலிற் கொட்டுகின்றன. அந்நீர் கடலோடு முற்றிலும் கரைந்து மறைந்துவிடுவதில்லை. உப்புக் குறைந்த ஒரு பட்டையாக, ஏறத்தாழ 100 கிலோமீற்றர் அகலத்தில், இந்தியக் கிழக்குக்கரையை ஒட்டித் தெற்கு நோக்கி ஓடுகிறது. அதன் ஒரு பங்கு பாக்கு நீரிணை வழியாக நம் விரிகுடாவுக்குள் நுழைந்து மன்னார்க் குடாவை நோக்கிச் செல்கிறது. கோடையில் ஆயிரத்துக்கு 35 பங்களவில் நிற்கும் நம் கடலின் உப்பு, இக்காலத்தில் 30ஐ ஒட்டி இறங்குவதும் உண்டு. கங்கை நீராடக் காசிக்குச் செல்ல இயலாத பாட்டிமார் மார்கழியிற் கீரிமலைக் கடலில் தலைமுழுகும்போது கங்கையின் சில துளிகளும் அங்கு வந்திருக்கக்கூடும் என்றால் அது வெறும் ஆறுதல் மொழியன்று!

இந்தக் "கடலுக்குள் ஓர் ஆறு" பற்றிய ஆய்வு 2014ஆம் ஆண்டில் அமெரிக்க வானிலைக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. அதில் நம் உள்ளத்தைத் தொடுவது வேறொரு செய்தி. அவ்வாய்வுக்கு ஆதாரமான கடல்நீரை அள்ளித் தந்தவர்கள் இந்தியக் கிழக்குக்கரையின் சாதாரண மீனவர்கள். பெரிய ஆராய்ச்சிக் கப்பல்கள் எப்பொழுதாவது ஒருமுறை வந்து போகும். மீனவரோ ஆண்டு முழுவதும் கரையில் இருப்பவர். அவர்கள் குறித்த இடங்களிற் குறித்த இடைவெளியில் ஒழுங்காக அள்ளிய நீரே அந்த ஆற்றைக் காட்டிக்கொடுத்தது. இச்செய்திக்கு நாம் மறுபடியும் வருவோம்.

வீட்டிற் செய்து பார்க்க

1680ஆம் ஆண்டை ஒட்டித் துருக்கித் தலைநகரின் பொஸ்பரஸ் நீரிணையில், மேல்நீர் ஒரு திசையிலும் கீழ்நீர் எதிர்த்திசையிலும் ஓடுவதை ஆராய்ந்த மார்சிலி என்னும் இத்தாலிய இளைஞர், நடுவில் தடுப்பிட்ட ஒரு தொட்டியில் உவர்நீரையும் நன்னீரையும் நிரப்பி, தடுப்பிலுள்ள துளைகளைத் திறந்து அதன் காரணத்தைக் காட்டினார். நம் மாணவர் அதனினும் எளிதாகச் செய்யலாம்.

ஒரு கண்ணாடிக் குவளையிற் பாதி அளவு நீரெடுத்து, இரண்டு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, துணிக்கு இடும் நீலத்திற் சில துளி கலந்துகொள்க. அதன்மேல் ஒரு தேக்கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் முதுகில் விழுமாறு நன்னீரை மெல்ல மெல்ல வார்க்க. நீலம் கீழேயும் தெளிநீர் மேலேயுமாக நிற்கும். இப்பொழுது பனையோலை விசிறியால் நீர்ப்பரப்பின்மேல் மெல்ல வீசுக; அடுக்கு அசையாது. பின் பலமாக வீசுக. எல்லையில் மாற்றம் ஏதும் நேர்கிறதா என்று கவனிக்க. அடுத்து உப்பில்லாத குளிர்நீரின்மேல் இளஞ்சூட்டு நீரை வார்த்து இதையே செய்க. எந்த அடுக்கு விரைவிற் குலைகிறது என்று குறித்து வைக்க.

மூச்சு அடைபடும் நாள்கள்

அடுக்கு நின்றால் யாருக்கு என்ன குறை என்று வாசகர் கேட்கலாம். கடலடியில் வாழும் நண்டும் இறாலும் கடலட்டையும் மீனும் நீரிற் கரைந்த ஒட்சிசனையே மூச்சாகக் கொள்கின்றன. அந்த ஒட்சிசன் மேலே காற்றிலிருந்தும், ஒளி படும் நீரிலுள்ள தாவரங்களிலிருந்தும் வருகிறது. கீழே அழுகும் பொருள்களோ அதனை ஓயாது உண்டுகொண்டிருக்கின்றன. மேல்நீர் கீழே இறங்காதவரை கீழ்நீருக்குப் புதிய மூச்சு இல்லை. போதாக்குறைக்கு, சூடான நீரிற் கரையும் ஒட்சிசனும் குறைவு. 25 பாகையில் ஒரு லீற்றர் கடல்நீர் ஏறத்தாழ 6.8 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும். 32 பாகையில் ஏறத்தாழ 6 மில்லிகிராம் மட்டுமே. வெப்பம் தேவையைக் கூட்டி வரவைக் குறைக்கிறது.

கடனீரேரியில் சாதாழைகளும் அல்காக்களும் பகலில் ஒட்சிசனைத் தருகின்றன. இரவில் அவையும் அதனை உண்கின்றன. ஆகவே காற்றில்லாத புழுக்க இரவின் முடிவில், விடியலுக்குச் சற்று முன்பே, நீரில் ஒட்சிசன் மிகக் குறைந்து நிற்கும். அவ்வேளையில் மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடுமானால், அது அவற்றின் விளையாட்டன்று, மூச்சுத் திணறல்.

இதன் கொடிய முடிவை நம் எதிர்க்கரை 2019ஆம் ஆண்டு செப்டெம்பரிற் கண்டது. மண்டபம், பாம்பன் பக்கத்து மன்னார்க் குடாவில் நொக்டிலூக்கா என்னும் நுண்ணுயிர் பெருகிக் கடலைப் பச்சையாக்கியது. இரவில் அலைகள் ஒளிவீசின. மக்கள் வேடிக்கை பார்க்கத் திரண்டனர். அடுத்து மீன்கள் இறந்து கரையொதுங்கின. ஒட்சிசன் வற்றியதால் அங்குள்ள தீவுகளின் முருகைக்கற்களும் இறந்தன என்று 2020இல் வெளிவந்த ஆய்வு கூறியது.

வெப்பத்தாலேயே நேரும் கேடும் உண்டு. முருகைக்கல்லை ஆக்கும் சின்னஞ்சிறு உயிர்கள், வழக்கமான கோடைச் சூட்டுக்கு மேல் ஒரு பாகை கூடிச் சில வாரங்கள் நீடித்தாலே தம்முள் வாழும் அல்காக்களை இழந்து வெளிறிவிடுகின்றன. 1998இலும் 2016இலும் இலங்கைக் கரைகளில் இது பேரளவில் நேர்ந்தது. மன்னார்க் குடாவின் இந்தியப் பக்கத்தில், கடலடிப் பரப்பில் நூற்றுக்கு 39 பங்களவில் இருந்த உயிருள்ள முருகைக்கல், 2016இன் வெளிறலுக்குப் பின் 23 பங்களவுக்குச் சுருங்கியது. உலகின் கடல்கள் பலவற்றிலும் ஒருங்கே வெளிறல் நிகழ்கிறது என்று 2024 ஏப்ரிலில் நான்காம் முறையாக அறிவிக்கப்பட்டது.

இது நமக்கு அயலார் வீட்டுச் செய்தியன்று. நெடுந்தீவின் மதில்கள் முருகைக்கல்லால் அடுக்கப்பட்டவை. யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சூழ்ந்த முருகைக்கற்பார்களை ஆராய்ந்தோர், இலங்கையில் அதுவரை அறியப்படாதிருந்த 36 முருகை இனங்களை இங்கே கண்டதாக 2021இல் எழுதினர். நம் வாசலில் இருக்கும் செல்வத்தின் கணக்கை நாம் இப்பொழுதுதான் எடுக்கத் தொடங்கியிருக்கிறோம். அதற்குள் அச்செல்வத்துக்குச் சூடு பிடித்துவிட்டது.

நம் கையில் உள்ளது

உலகம் சூடேறுவதைத் தனியொரு குடாநாடு நிறுத்திவிட இயலாது. பருவக்காற்றைக் கூலிக்கு அமர்த்தவும் இயலாது. ஆனால் நம் கையில் இரண்டு காரியங்கள் உண்டு.

ஒன்று, காற்றின் வேலைக்கு நாம் தடையாகாதிருத்தல். காற்று நீரை ஒரு கரையிலிருந்து தள்ளி மறுகரையில் ஏற்றுகிறது. ஏறிய நீர் வேறொரு வழியால் திரும்புகிறது. ஏரிக்குள் நீர் புதுப்பிக்கப்படும் வழிகளுள் இதுவும் ஒன்று. தீவுகளுக்குப் போக்குவரத்துத் தரும் தாம்போதிகள் நமக்கு இன்றியமையாதவை. அவை இல்லாத நாளில் தீவு மக்கள் பட்ட துன்பத்தை மறக்கலாகாது. எனினும் தாம்போதி குறுக்கே வந்த இடத்தில் நீர், பாலத்தின் வாய்கள் வழியே மட்டுமே போய்வர முடிகிறது. அவ்வாய்கள் மணலாலும் குப்பையாலும் தூர்ந்தால், காற்று எவ்வளவு வீசினும் பயன் குன்றும். தாம்போதிகளைத் திருத்தும்போதெல்லாம் "வண்டி போக வழி எவ்வளவு?" என்று கேட்பதுபோல, "நீர் போக வழி எவ்வளவு?" என்றும் கேட்கவேண்டும். ஏரியில் விடப்படும் கழிவுநீரையும் இக்கணக்கிற் சேர்க்கவேண்டும். அழுகும் பொருள் கூடினால், காற்றில்லாத நாளில் உள்ள சிறிது ஒட்சிசனையும் அது விழுங்கிவிடும்.

மற்றொன்று, கடலை அளந்தறிதல். கிழக்குக்கரை மீனவர் நீரை அள்ளிக் கடலுக்குள் ஓர் ஆற்றையே காட்டினர் என்று கண்டோம். நம் கடற்றொழிலாளரும் மாணவரும் அவர்களுக்கு இளைத்தவரல்லர். ஒடுங்கிய கழுத்துள்ள போத்தலொன்றின் அடியிற் கல்லைக் கட்டுக. கழுத்தில் ஒரு கயிறும் தக்கையில் ஒரு நூலும் இணைக்க. வேண்டிய ஆழத்துக்கு இறக்கி நூலைச் சுண்டினால் தக்கை விடுபட்டு அந்த ஆழத்து நீரே உள்ளே நிறையும். மேலே இழுத்தவுடன் வெப்பமானியை இட்டு அளக்க. மேல்நீரையும் அவ்வாறே அளந்து, இரண்டையும் நாள், நேரம், காற்றின் பெயர் ஆகியவற்றோடு கொப்பியில் எழுதுக. பெரியவர் ஒருவர் துணையின்றி மாணவர் நீரில் இறங்கவோ வள்ளத்தில் ஏறவோ வேண்டாம். குருநகரிலும் நாவாந்துறையிலும் ஊர்காவற்றுறையிலும் பருத்தித்துறையிலும் ஒவ்வொரு பாடசாலை இதனை வாரம் ஒருமுறை, ஓராண்டு செய்தாலே, வாடையும் சோளகமும் நம் நீரை அடுக்கிக் குலைக்கும் வரலாறு எண்களாக நம் கையில் இருக்கும். ஐந்தாண்டு தொடர்ந்து செய்தால், எந்தச் சித்திரை வழக்கமான சித்திரை, எது ஆபத்தான சித்திரை என்று முன்கூட்டியே எச்சரிக்கும் தகுதி நமக்கு வரும்.

எண்கள் இல்லாவிடினும் கண்கள் உண்டு. அடுத்த சித்திரையில் உலக்கையின் நிழல் அடியில் ஒடுங்கும் நாளில், பிள்ளைகளை அழைத்து அந்நிழலைக் காட்டுங்கள். பின்பு தலையை நிமிர்த்தி வேலியோரத்துப் பனையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓலை சலசலத்தால் கடலுக்குக் கவலையில்லை. ஓலை அசையாமல் நின்று, மறுநாளும் அதற்கு மறுநாளும் அவ்வாறே நிற்குமானால், கடலடியில் மூச்சுக்குத் தவிக்கும் உயிர்களை அவர்களுக்கு நினைவூட்டுங்கள்.